கரியாலூர்ச் செய்தி கீழே இறங்கும் வழி

கல்வராயன்மலை நாளிதழில் வர வேண்டுமென்றால் போலீஸ் ஜீப் மலையேற வேண்டும். சாராய ஊறல் அழிப்பு, நாட்டுத் துப்பாக்கி பறிமுதல், செம்மரம் வெட்டப் போனவர்கள் ஆந்திரத்தில் கைது, வளைவில் வேன் கவிழ்ந்து பலர் காயம். இவை போக, ஆண்டுக்கொரு முறை கோடை விழாவும், மழைக்காலத்தில் அருவி கொட்டுகிற படம் ஒன்றும். மக்கள் தொடர்புப் பயிற்சிக்காக, கரியாலூர்ப் பக்கம் வேலை செய்யும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் நான் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த முதல் வேலை, எங்கள் மலையைப் பற்றிப் பத்திரிகைகளில் வருவதையெல்லாம் ஒரு நீள நோட்டில் தேதி போட்டு எழுதி வைப்பது. எழுத எழுத அந்த நோட்டு காவல் நிலையப் பதிவேடு மாதிரி ஆகிவிட்டது.

நான் இந்த மலையில் பிறந்தவள். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வந்து, கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறினால் கரியாலூர். அதே சாலையில் இன்னும் போனால் வெள்ளிமலை. மலையாளி என்று பட்டியலில் இருக்கும் பழங்குடி மக்கள் நாங்கள். கேரளத்துக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை. நகரத்தில் செய்தியைத் திருத்துபவருக்கு இது தெரியாமல் இருக்கலாம் என்பதால், நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு செய்திக்குறிப்பிலும் இதற்கென்று ஒரு வரி சேர்க்கிறோம். நாடு விடுதலை பெற்ற பிறகும் இந்த மலை மூன்று ஜாகீர்தார்களின் பிடியில்தான் இருந்தது. 1976இல்தான் அரசு அதைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. மரவள்ளியும் சாமையும் விளைகின்றன. பலா, புளி, கடுக்காய், தேன் கிடைக்கின்றன. இவற்றில் எதைப் பற்றியும் அந்த நோட்டில் எழுத எனக்கு அநேகமாக வாய்ப்பே வரவில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்து போனார்கள். நாடு முழுவதிலுமிருந்து கேமராக்கள் வந்தன. கருணாபுரம் இருப்பது நகரத்துக்குள்; ஆனாலும் அந்த வாரங்களில் எங்கள் மலையின் பெயர் தொலைக்காட்சியில் ஓயாமல் அடிபட்டது. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன்மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை இல்லாததும் ஆஸ்பத்திரி எட்டாததும் மலையில் எல்லாருக்கும் எத்தனையோ காலமாகத் தெரிந்த சங்கதி. அவ்வளவு சாவுக்குப் பிறகுதான் அது நீதிமன்றம் வரை போனது என்பது இன்றும் எனக்கு ஆறவில்லை. இந்தத் தொழிலை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்தது அப்போதிருந்துதான்.

தொழில் இதுதான். நம்மிடம் இருக்கும் ஒரு விஷயத்தைச் செய்தியாளரிடம் கொண்டுபோய், இது உங்கள் வாசகருக்கு ஏன் வேண்டும் என்று சொல்லி, அவரை எழுத வைக்க வேண்டும். வகுப்பில் இதை ஸ்டோரி பிட்ச் என்று சொல்லிக் கொடுத்தார்கள். விளம்பரத்துக்குப் பணம் கட்டினால் இடம் கிடைக்கும். செய்திக்கான இடத்தைப் பணம் கட்டி வாங்க முடியாது, வாங்கவும் கூடாது; அந்த விஷயம்தான் இடத்தைச் சம்பாதிக்க வேண்டும். சென்னையில் இருக்கும் பெரிய நிறுவனங்களில் நூற்றுக்கணக்கான பத்திரிகையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகளை வைத்துக்கொண்டு ஒரே குறிப்பை எல்லாருக்கும் தட்டிவிடுகிறார்கள். கள்ளக்குறிச்சியில் அது நடக்காது. இங்கே செய்தியாளர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். நம்மையும் ஒரு மாதத்துக்குள் அறிந்துகொள்வார்கள்.

மாவட்ட, வட்டாரச் செய்தியாளர்களின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளாமல் அவர்களிடம் செய்தி சொல்லப் போகக்கூடாது. பலர் பகுதி நேர நிருபர்கள். மாதச் சம்பளம் என்று சொல்லும்படி இருக்காது. வெளியாகும் செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு. சிறப்பு மலர் வந்தால் விளம்பரம் பிடித்துத் தர வேண்டிய பொறுப்பும் அவர்கள் தலையில். காலையில் விபத்து, மதியம் ஆட்சியர் ஆய்வு, மாலையில் கட்சி ஆர்ப்பாட்டம் என்று பைக்கிலேயே அலைகிறார்கள். அப்படிப்பட்ட ஒருவரை "மலைக்கு வாங்க சார், நிகழ்ச்சி இருக்கு" என்று கூப்பிடுவது அவருடைய ஒரு நாளையும் பெட்ரோலையும் கேட்பதாகும். அதனால் எங்கள் அக்கா (பயிற்சியில் எனக்கு மேற்பார்வையாளர்) ஒரு வழக்கம் வைத்திருந்தார். செய்தியாளர் ஏறி வரும் நாளில் அவருக்கு ஒரே ஒரு நிகழ்ச்சியோடு விடக்கூடாது. அதே பாதையில் மரவள்ளி பிடுங்குகிறவர்கள், பாலம் இல்லாத ஓடை, புதிதாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளை என்று எழுதத் தகுந்தவை என்னென்ன இருக்கின்றன என்று முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். அவற்றில் எங்கள் நிறுவனத்துக்குத் தொடர்பே இல்லாதவையும் இருக்கும். அதைப் பற்றி அக்கா கவலைப்பட மாட்டார்.

அக்காவோடு நான் முதலில் பார்க்கப் போன மூத்த நிருபர் எங்கள் குறிப்பை வாங்கிப் படித்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "ஏம்மா, இதுல என்ன செய்தி இருக்கு?" அவர் கடுமையாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். வழக்கமாகத் தொண்டு நிறுவனங்களிலிருந்து அவருக்கு வருவது எப்படி இருக்கும் என்றும் காட்டினார். விழிப்புணர்வு முகாம் நடைபெற்றது, இவர் தலைமை தாங்கினார், அவர் முன்னிலை வகித்தார், இன்னார் நன்றி கூறினார். மேடையில் இருந்த அத்தனை பேர் பெயரும் இருக்கும். எதிரே தரையில் உட்கார்ந்திருந்த ஒருவர் பெயரும் இருக்காது. "படிக்கிறவன் தேடுறது கீழ உக்காந்திருக்கிறவங்களைத்தான்" என்றார் அவர். வகுப்பில் படித்த பாடங்களைவிட எனக்கு அதிகம் உதவியது இந்தப் பேச்சு.

அந்தச் சமயம் கடுக்காய்ப் பருவம். தை, மாசி மாதங்களில் பெண்கள் காட்டுக்குள் போய்க் கடுக்காய் பொறுக்கி வந்து வாசலில் காயப் போடுவார்கள். எங்கள் நிறுவனம், அவர்கள் தனித்தனியாக வியாபாரியிடம் கொடுப்பதை விட்டுச் சேர்ந்து விற்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. எங்கள் அலுவலகத்தின் கண்ணில் செய்தி அந்த ஏற்பாடுதான். நிருபரின் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நான் மறுபடி யோசித்தேன். கள்ளக்குறிச்சியில் டீக்கடையில் பேப்பர் விரிக்கிறவருக்கு எங்கள் ஏற்பாட்டில் என்ன அக்கறை இருக்கும்? ஆனால் அவர் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலோ நாட்டு மருந்துக் கடைப் பொட்டலத்திலோ கடுக்காய் இருக்கும். திரிபலாவில் நெல்லிக்காய், தான்றிக்காயோடு மூன்றாவதாகச் சேர்வது அதுதான். தோல் பதனிடும் தொழிலில் அதன் துவர்ப்புச் சத்து காலங்காலமாகப் பயன்படுகிறது. கலம்காரித் துணியில் சாயம் பிடிக்கத் துணியை முதலில் கடுக்காய் நீரில்தான் நனைக்கிறார்கள். இவ்வளவுக்கும் மூலமான காயை யார் பொறுக்குகிறார்கள், எத்தனை மணிக்குக் காட்டுக்குக் கிளம்புகிறார்கள், கரடிக்குப் பயந்து எப்படிக் கூட்டமாகப் போகிறார்கள், காய்ந்த பிறகு எடை எவ்வளவு குறைகிறது, வாசலில் கிடைக்கும் விலைக்கும் கடையில் விற்கும் விலைக்கும் எத்தனை தூரம் என்பது எங்கும் வந்ததில்லை. 2006 வன உரிமைச் சட்டம் சிறு வன விளைபொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் எங்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது என்பதையும் கீழே நிறையப் பேர் அறிந்திருக்கவில்லை. செய்தி அங்கே இருந்தது.

எழுதியது அரைப் பக்கம். முதல் வரியிலேயே பொறுக்குகிற பெண்ணின் பெயரும் ஊரும். அடுத்து அன்றைய வாசல் விலையும் கடை விலையும் பக்கத்தில் பக்கத்தில். அதற்கடுத்து சட்டம் ஒரே வரியில். எங்கள் நிறுவனத்தின் பெயர் கடைசிப் பத்தியில் ஒரு முறை. அக்கா படித்துவிட்டு இரண்டு இடங்களில் கோடு போட்டார்: "வாழ்வாதாரம் மேம்பட", "ஒருங்கிணைந்த முயற்சி". "இதை உங்க ஆயாகிட்ட இப்படித்தான் சொல்லுவியா?" என்று கேட்டார். பேசுகிற தமிழில் செய்தி இருக்க வேண்டும் என்பது 1942இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் காலத்திலிருந்தே தமிழ் நாளிதழ்களில் வேரூன்றிய வழக்கம். அவர் எழுதிய இதழாளர் கையேட்டைக் கல்லூரியில் எங்களுக்குப் பரிந்துரைத்தார்கள். தொண்டு நிறுவனத் தமிழும் அரசாணைத் தமிழும் அந்தப் பக்கங்களில் ஒட்டாது.

குறிப்பு மட்டும் போதாது. நிருபர் அந்தப் பெண்ணிடம் நேரில் பேச வேண்டும், முடியாவிட்டால் போனிலாவது பேச வேண்டும். அவர் சரிபார்க்காமல் போடுகிற செய்தியால் அவருக்கும் கேடு, எங்களுக்கும் கேடு. ஆனால் மலையில் பல ஊர்களில் டவர் கிடைக்காது. எந்த மேட்டில், எந்தப் புளிய மரத்தடியில் சிக்னல் நிற்கும் என்பது அந்தந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். அதனால் குறிப்பின் அடியில் இப்படி எழுதினேன்: இன்று மாலை ஐந்திலிருந்து ஆறு வரை இவர் இந்த எண்ணில் கிடைப்பார். அந்த நேரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நான் கடுக்காய் பொறுக்கும் அந்த அக்காவோடு மேட்டில் நின்றேன். நிருபர் பேசும்போது நான் குறுக்கே பேசக்கூடாது என்பதும் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. அந்த அக்கா விலையைப் பற்றிக் கோபமாகப் பேசினார். எங்கள் நிறுவனம் எடை போட வரத் தாமதமாகிறது என்றும் சேர்த்துச் சொன்னார். அதையும் நான் தடுக்கவில்லை. அவர் பேச்சு அவருடையது.

படம் எடுப்பது தனி வேலை. அகலவாட்டில் எடுக்க வேண்டும்; வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தெளிவு குறைந்துவிடும், டாகுமெண்டாக அனுப்ப வேண்டும். படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று இடமிருந்து வலமாகப் பெயர் எழுதி, எடுத்த இடமும் நாளும் சேர்க்க வேண்டும். படத்தில் இருப்பவரிடம், இது பேப்பரில் வரும், சம்மதமா என்று கேட்க வேண்டும். பள்ளிக்கூட நாளில் அம்மாவோடு காட்டுக்கு வந்திருந்த ஒரு பிள்ளையின் படம் மிக அழகாக அமைந்திருந்தது. அதை நாங்கள் அனுப்பவில்லை. அந்தப் படத்தை வைத்து அந்தக் குடும்பத்தை யாரும் கேள்வி கேட்கும் நிலை வரக்கூடாது.

நேரமும் நாளும் பார்க்க வேண்டும். மாவட்டப் பக்கம் மாலையிலேயே நிறைந்துவிடும். மதியத்துக்குள் போய்ச் சேரும் செய்திக்குத்தான் மரியாதை. திங்கட்கிழமை காலையில் நிருபர்கள் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் இருப்பார்கள். அப்போது போன் செய்தால் எடுக்க மாட்டார்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 எல்லாம் கிராம சபை நாள்கள், பக்கம் முழுக்க அதுவே ஓடும். ஆகஸ்டு 9 உலகப் பழங்குடியினர் நாள். அன்றைக்கு எங்களைப் பற்றி எழுத எல்லாரும் தயாராக இருப்பார்கள். ஆனால் கேட்பது நடனப் படம். மீதி நாள்களுக்குத்தான் நாங்கள் உழைக்க வேண்டியிருக்கிறது.

மாவட்ட எல்லை செய்தியை எப்படி வெட்டுகிறது என்பது எனக்குப் புதிதாகத் தெரிந்த விஷயம். 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. புதிய ஆட்சியர் அலுவலகம், புதிய செய்தி மக்கள் தொடர்பு அலுவலர், நாளிதழ்களில் புதிய மாவட்டத் தலைப்பு எல்லாம் வந்தன. அதனால் எங்களுக்கு நன்மைதான். விழுப்புரம் வரை போய்ச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கல்வராயன்மலையின் மறுபக்கம் சேலம் மாவட்டத்தில் இருக்கிறது. கருமந்துறைச் செய்தி சேலம் பதிப்பில் வரும், கரியாலூர்ச் செய்தி இந்தப் பக்கத்துப் பதிப்பில் வரும். ஒரே மக்கள், ஒரே கடுக்காய், ஒரே சாலைப் பிரச்சினை. ஒரு பக்கத்தில் வந்தது மறுபக்கம் வாசிக்கக் கிடைக்காது. அதனால் முழு மலைக்கும் பொதுவான செய்தியை இரண்டு மாவட்ட நிருபர்களுக்கும் தனித்தனியாக, அந்தந்தப் பக்கத்து ஊரையும் ஆளையும் முன்னால் வைத்து எழுதுகிறோம். இது இரட்டை வேலைதான், ஆனால் செய்யாவிட்டால் பாதி மலைக்குச் செய்தி போகாது.

தொலைக்காட்சிக்கு வேறு கணக்கு. அவர்களுக்குக் காட்சி வேண்டும், அரை நிமிடப் பேட்டி வேண்டும். ஒரு சேனலிலிருந்து வந்தவர், பெண்கள் நைட்டியும் துண்டுமாக வேலை செய்வதைப் பார்த்துவிட்டு, "பழங்குடி மாதிரி ஏதாவது கட்டிக்கிட்டு வரச் சொல்லுங்களேன்" என்றார். அக்கா அமைதியாக, "அவங்க தினமும் இப்படித்தான் சார் வேலை செய்றாங்க, இப்படியே எடுங்க" என்றார். அவர் எடுக்காமலே இறங்கிப் போனார். ஒரு தொலைக்காட்சிச் செய்தி கைவிட்டுப் போனது. போகட்டும் என்றுதான் எனக்கு அன்றும் பட்டது, இன்றும் படுகிறது. உடை மாற்றி நடிக்க வைத்துப் பெறுகிற செய்தியால் எங்கள் மக்களுக்கு வரும் பெயர் எங்களுடைய பெயராக இருக்காது.

இன்னொருவர், கடுக்காய் சாப்பிட்டால் சர்க்கரை நோய் குணமாகும் என்று ஒரு வரி சேர்த்தால் நிறையப் பேர் படிப்பார்கள் என்று யோசனை சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். சர்க்கரை நோய் உள்ளிட்ட பல நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. விற்பனையில் பங்குள்ள எங்களைப் போன்றவர்கள் அப்படிச் சொல்லிவிட்டால் செய்திக்கும் விளம்பரத்துக்கும் நடுவில் கோடு இருக்காது. அதற்கும் மேலாக, அதை நம்பி மாத்திரையை நிறுத்தும் ஒரு வாசகர் எங்கோ இருப்பார்.

கவர் கொடுக்கும் பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். பத்திரிகையாளர் சந்திப்பு முடிந்ததும் உறையில் பணம் வைத்துக் கொடுப்பது பல ஊர்களில் நடக்கிறது. எங்கள் நிறுவனம் கொடுப்பதில்லை. மலைக்கு வருபவரை எங்கள் வண்டியில் ஏற்றிக்கொள்வோம், எங்களோடு உட்கார்ந்து சாப்பிடச் சொல்வோம், அவ்வளவுதான். செய்தியாளருக்குச் சரியான சம்பளம் கொடுக்க வேண்டியது அவரை வேலைக்கு வைத்த பத்திரிகை. உறை கொடுத்துச் செய்தி போட்டால், அடுத்த முறை உறை கொடுக்க வசதி இல்லாத ஊர் செய்தியே இல்லாமல் கிடக்கும். மலை ஊர்கள் எல்லாமே அப்படிப்பட்ட ஊர்கள்தான்.

உலகில் முதல் செய்திக்குறிப்பு என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1906 அக்டோபரில் அமெரிக்காவில் எழுதப்பட்டது. அட்லாண்டிக் சிட்டியில் ரயில் பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்து 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பென்சில்வேனியா ரயில் நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்த ஐவி லீ, மூடி மறைக்காமல் நடந்ததை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே அழைத்துப் போகவும் ஏற்பாடு செய்தார். நியூயார்க் டைம்ஸ் அந்தக் குறிப்பை அப்படியே அச்சிட்டது. பிற்காலத்தில் அவர் யார் யாருக்கு வேலை செய்தார் என்பதில் கடும் விமர்சனங்கள் உண்டு. ஆனாலும், கேட்பதற்கு முன்பே உண்மையைக் கொடுப்பது, போய்ப் பார்க்க வழி செய்வது என்ற அந்த இரண்டும் கரியாலூருக்கும் பொருந்துகின்றன. மேட்டில் நின்ற அந்த அக்கா எடை போடுவதில் தாமதம் என்று சொன்னபோது நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அதுதான் காரணம். அந்தத் தாமதத்தை எங்கள் அலுவலகம் பிறகு சரி செய்தது.

கடுக்காய்ச் செய்தி வந்தது. உள்பக்கத்தில், படத்தோடு. இரண்டு விலைகளும் இருந்தன, சட்டமும் ஒரு வரியில் இருந்தது. அதைப் படித்துவிட்டுக் கீழேயிருந்து நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் சிலர் நேரடியாக வாங்க முடியுமா என்று எங்களிடம் விசாரித்தார்கள். என் நோட்டில் ஊறல் இல்லாத ஒரு வரி சேர்ந்தது. மூத்த நிருபர் போன் செய்து, "அடுத்து பலா சீசன் வருதில்ல, இப்பவே யோசிச்சு வைம்மா" என்றார். அவரே கேட்டு வாங்குகிற இடத்துக்கு நாங்கள் வந்ததை நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஆனால் அச்சில், இடத்துக்காகச் சுருக்கியபோது, முதல் வரியில் இருந்த பெயர் போய்விட்டது. "மலைவாழ் பெண் ஒருவர் கூறியதாவது" என்று வந்திருந்தது. சுருக்கியது மலையேறி வந்த நிருபர் இல்லை. எங்கோ பதிப்பு அலுவலகத்தில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வேலை செய்த ஒருவர். பேப்பரை எடுத்துக்கொண்டு போய்க் காட்டியபோது அந்த அக்கா தன் படத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார், பிறகு படிக்கத் தெரிந்த மகளிடம் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

மாவட்டப் பக்கங்களைத் திருத்தும் உதவி ஆசிரியர்களுக்கு இதை எழுதுகிறேன். இடம் இல்லையென்றால் எங்கள் நிறுவனத்தின் பெயரை வெட்டுங்கள். தலைமை தாங்கியவரையும் முன்னிலை வகித்தவரையும் வெட்டுங்கள். சாராய வழக்கில் பிடிபட்டவரின் பெயர், வயது, ஊர், தகப்பன் பெயர் வரை உங்கள் பக்கத்தில் வருகிறது. காட்டில் உழைத்து, உங்கள் நிருபரிடம் சம்மதத்தோடு பேசியவரின் பெயரையும் ஊரையும் தயவுசெய்து விட்டுவையுங்கள்.